அது ஒட்டுமா?

ரயில் வருவதற்கு எவ்வளவு நேரம் முன்னால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்? நியாயமான மனிதர்கள் கால் மணி நேரம் என்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, டிக்கெட் கவுன்ட்டரில் ஆளே வந்திருக்கவில்லை. பிளாட்பாரத்தை யாரோ கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். எனக்குக் காத்திருக்க வராது. பால் பொங்கும் வரை அடுப்படியில் நிற்க மாட்டேன். அதனாலேயே எங்கள் வீட்டில் பால் தினமும் பொங்கி வழியும்.

இத்தனைக்கும் அன்றைக்கு நான் பார்க்கப் போனது என் சொந்தக்காரரை இல்லை. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் நஸீமாவின் கணவர் ஜாகிர், துபாயிலிருந்து வருகிறார். விடியற்காலையில் சென்னையில் இறங்கி, கூட வரும் ஊர்க்காரர்கள் நிறைந்த காரில் நேராகச் சிதம்பரத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். நஸீமாவும் அவர்களுடைய நாலு வயது மகள் ஹனாவும் கடலூரிலிருந்து ரயிலில் போக, அவர் சிதம்பரம் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. பை தூக்க, தலையணை தூக்க, துணைக்கு — நான்.

தலையணை எதற்கு என்கிறீர்களா? ரயில் சீட்டில் ஹனா அப்படியே உட்கார முடியாது. சீட் உரசினால் கொப்புளம் வரும். சட்டைத் தையல் உரசினால் கொப்புளம் வரும். அதனால்தான் அவளுக்கு எல்லா கவுனையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போடுவார்கள். தையல், லேபிள் எல்லாம் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் நஸீமாவை நிறுத்தி, "உல்டாவா போட்டுட்டியேம்மா" என்று உதவி செய்வார்கள். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஹனாவுக்கு என்ன? புதுச்சேரியில் ஒரு தோல் டாக்டர் நஸீமாவை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன்.

நம் தோல் ஒரே தோல் இல்லையாம். மேலே ஒன்று, அடியில் ஒன்று. நடுவில் மெல்லிசாக ஒரு சவ்வு. மேல்தோலின் கடைசி வரிசை செல்கள் அந்தச் சவ்வைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. சவ்விலிருந்து கண்ணுக்குத் தெரியாத நார்கள் கீழே இறங்கி அடித்தோலைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. கொலாஜென் என்கிற புரதத்தால் ஆன நார்கள். நீங்களும் நானும் டவுன் பஸ்ஸில் இடிபடுகிறோம், முதுகைச் சொறிகிறோம், ஒட்டியிருக்கும் பிளாஸ்டரைப் பட்டென்று பிய்க்கிறோம்... ஆனாலும் தோல் கழன்று வருவதில்லை அல்லவா? இந்தப் பிடிமானம்தான் காரணம். என்றைக்காவது அதை நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

ஹனாவின் உடம்பில் அந்த நாரைச் செய்கிற மரபணுவில் பிழை. நார் இல்லை. ப்ளவுசுக்கு லைனிங் வைத்துவிட்டுத் தைக்க மறந்த மாதிரி — பார்க்க ஒன்றும் தெரியாது, ஒரு இழுப்பு இழுத்தால் மேல் துணி தனியே வந்துவிடும். சவ்வுக்கு மேலேயே பிடி விட்டுப்போகும் வகைகளும் உண்டு. சவ்வுக்குள்ளேயே விட்டுப்போவதும் உண்டு. ஹனாவுடையது சவ்வுக்குக் கீழே. இந்த வகைதான் தழும்பு விடும். புண் ஆறும்போது விரலும் விரலும் சேர்ந்துகொள்ளப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் துணி சுற்ற வேண்டும். ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாது, ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டிக்கொள்ளும். என்ன வியாதியோ! எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

எங்கிருந்து வந்தது? நஸீமா தன் கணவரை 'மச்சான்' என்று கூப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு வந்த பழக்கம் இல்லை. மாமா மகன், அவள் பாவாடை கட்டிய நாளிலிருந்தே மச்சான்தான். இரண்டு பேர் உடம்பிலும் அந்த மரபணு ஒன்று சரியாகவும் ஒன்று பிழையாகவும் இருந்திருக்கிறது. ஒன்று சரியாக இருந்தால் போதும், ஆளுக்கு எதுவும் தெரியாது. இரண்டு பிழையும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஆபத்து. ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அப்படி நடக்கலாம். வெளியே கட்டினாலும் வரலாம். சொந்தத்தில் கட்டினால் ஒரே பிழை இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. என் அப்பா கட்டிக்கொண்டது தன் சொந்த அக்கா மகளை!

சரி, ஜாகிர் வருவதற்கு நான் ஏன் அப்படித் தவித்தேன்?

ஹனா கைக்குழந்தையாக இருந்தபோது அவர் ஒரு முறை லீவில் வந்தார். அப்போது நோய்க்குப் பெயர் தெரியாது. சிரங்கு, சூடு, பால் சேரவில்லை என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். வந்தவர் எல்லா அப்பாக்களும் செய்வதைச் செய்தார். அக்குளில் கை கொடுத்துப் பிள்ளையை அப்படியே தலைக்கு மேலே தூக்கினார். பிள்ளை வீறிட்டது. கீழே இறக்கிப் பார்த்தால், இரண்டு அக்குளிலும் தோல் இல்லை. அது அவர் கையோடு வந்திருந்தது.

அவர் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எல்லாம் வீடியோ கால்தான். ஒவ்வொரு லீவும் ஏதோ ஒரு காரணத்தால் தள்ளிப் போனது.

இப்போது நேரில் வருகிறார். எல்லாவற்றையும் போனில் சொல்லியாயிற்று. அக்குளில் பிடிக்கக் கூடாது, கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, பிளாஸ்டர் ஒட்டக் கூடாது. காதுக்குச் சொல்லியாயிற்று... கைக்கு யார் சொல்வது? மகளைப் பார்த்ததும் அந்தக் கை சும்மா இருக்குமா? இதுதான் என் பயம்.

ரயில் முதுநகர் தாண்டுவதற்குள் இதை நாலு தடவை சொல்லிவிட்டேன்.

"அக்கா, செத்த சும்மா இருங்கக்கா" என்றாள் நஸீமா. "அவுங்க தூக்கிடுவாங்கன்னு நீங்க பயப்படுறீங்க. எனக்கு அந்தப் பயம் இல்ல."

"பின்னே?"

"தூக்காமலே போயிடுவாங்களோன்னுதான்."

எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. அதற்குள் எதிர் சீட்டு குறுக்கிட்டது.

எதிர் சீட்டில் இரண்டு கட்டைப் பைகளோடு ஒரு அம்மா. சிதம்பரத்தில் இறங்கி பஸ்ஸில் கீரப்பாளையம் போகிறாராம். ஏறியதிலிருந்து ஹனாவின் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலப்பாக்கத்தில் வண்டி நின்றபோது இரண்டு பைகளையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"தீக்காயமா?"

"இல்லம்மா, பொறந்ததுலேருந்தே."

"ஒட்டுவாரொட்டியா? ஒட்டுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. இந்தக் கேள்வியை மஞ்சக்குப்பத்தில் கேட்கிறார்கள், ஆட்டோவில் கேட்கிறார்கள், பாலர் பள்ளியில் கேட்டார்கள். தொற்று நோய்க்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள் — ஒட்டுவாரொட்டி! ஒட்டாததே வியாதியாக இருக்கிற ஒரு பிள்ளையைப் பார்த்து!

"ஒட்டாது!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. "இந்தப் பிள்ளை தோலுக்கு அவ உடம்புலயே ஒட்டத் தெரியல. உங்ககிட்ட வந்து எங்க ஒட்டப் போகுது?"

பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நஸீமா என் கையை அழுத்தினாள். அந்த அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரங்கிப்பேட்டை வந்தபோது, என்னைப் பார்க்காமல் நஸீமாவைக் கேட்டார்.

"வலிக்குமா புள்ளைக்கு?"

"வலிக்கும்மா. குளிக்கறப்பதான் ஜாஸ்தி. கட்டு அவுக்கணும்ல."

"தூங்குமா?"

"சில நாள் தூங்குவா."

அந்த அம்மா "ச்சு" கொட்டினார். பைகளைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைத்தார். ஹனா கால் நீட்ட இடம் கிடைத்தது.

சிதம்பரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கோயிலுக்கு வந்தவர்கள், இறங்குகிறவர்களை இடித்துக்கொண்டு ஏறுகிறவர்கள். நான் முதலில் குதித்து, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றேன். நஸீமா ஹனாவை இறக்கினாள்.

ஜாகிர் தூணருகே நின்றிருந்தார். நல்ல உயரம், புதுச் சட்டை, சென்ட் வாசனை எனக்கே வந்தது. ஹனா போனில் பார்த்த அப்பா முகத்தை உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"அத்தா!"

நான் பதறிக்கொண்டு முன்னால் போனேன். தூக்கிவிடுவார், இதோ தூக்கிவிடுவார்...

அவர் தூக்கவில்லை.

அசையவே இல்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். திருடனைக் கட்டுவார்களே, அந்த மாதிரி தன் கையைத் தானே இறுகப் பிடித்துக்கொண்டார். "ஹனாம்மா... ஹனாம்மா..." என்று மட்டும் சொன்னார்.

ஹனா அவருக்கு எதிரே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். அத்தா வந்துவிட்டார், ஆனால் அத்தாவின் கை வரவில்லை. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. எந்தக் கொப்புளத்துக்கும் அந்த முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

"மச்சான்..." என்றாள் நஸீமா.

"வேணாம் நஸீமா. நீயே தூக்கிக்க. என் கையி ஆகாது."

ரயிலில் அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. வழியெல்லாம் நான் தப்பான பயத்தை அல்லவா சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்!

என்ன செய்வது? ஏதாவது பேச வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஹனா முந்திக்கொண்டாள்.

"அத்தா, உனக்குத் தூக்கத் தெரியாதா?" என்றாள் ஹனா.

அவர் இல்லை என்று தலையாட்டினார். கண் நிறைந்திருந்தது.

"துஆ கை வை."

'துஆ கை' எங்கள் வீட்டு வார்த்தை. தொழுகை முடிந்து இறைவனிடம் துஆ கேட்கும்போது இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்க்க விரிப்பார்களே, அதுதான் ஹனாவைத் தூக்கும் முறை. பிடிக்கக் கூடாது. விரித்த கையில் அவளாக வந்து உட்காருவாள்; ஒரு கை அடியில், ஒரு கை முதுகுக்குப் பின்னால், அப்படியே எழ வேண்டும். எனக்கே கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது.

ஜாகிர் பிளாட்பாரத்தில் மண்டியிட்டார். பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்து, முன்னால் கொண்டுவந்து விரித்தார்.

"ஆட்டாத அத்தா. புடிக்கக் கூடாது. சும்மா வெச்சிருக்கணும்."

ஹனா பக்கவாட்டாகத் திரும்பி நின்று, பார்த்துப் பார்த்து நகர்ந்து, அந்தக் கையில் உட்கார்ந்தாள். லேபிள் வெளியே தெரிகிற கவுனோடு, கட்டுப் போட்ட கையை அவர் தோள்மேல் தானே வைத்துக்கொண்டாள்.

அவர் எழுந்திருக்கத் தெரியாமல் அப்படியே இருந்தார். வாய்விட்டு அழுதார். நானும்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அந்த நேரம் பார்த்துக் கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. யாரோ டிராலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் போய்த் தடுப்பதற்குள்ளேயே பின்னாலிருந்து ஒரு அதட்டல் கேட்டது.

"யோவ்! கண்ணு தெரியல? புள்ள இருக்குதுல்ல! சுத்திப் போயா!"

கீரப்பாளையத்து அம்மா. இரண்டு கட்டைப் பைகளையும் இரண்டு பக்கமும் வேலி மாதிரி வைத்துவிட்டு, நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். வழியில் இடிக்க வந்த அத்தனை பேரையும் விரட்டினார். பஸ் பிடிக்க வேண்டிய ஆள். ஜாகிர் மெல்ல மெல்ல எழுந்து, மகளோடு நிமிர்ந்து நிற்கும் வரை நகரவில்லை.

பிறகு பைகளைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார். ரயிலில் நான் போட்ட சத்தத்துக்குத் திட்டு வாங்கப்போகிறேன் என்று தயாரானேன்.

"ஒட்டாதுன்னு அந்தக் கத்து கத்துனீங்களே... பாருங்க, அத்தாகிட்ட எப்படி ஒட்டிக்கிச்சுன்னு!"

இந்த ஒரு தடவை நான் அவரைத் திருத்தவில்லை.