மூன்று வாரம் பாக்கி

அகழாய்வில் சேரும் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் ஓர் அறக்கட்டளைக்கு என் தங்கை மகள் இருபத்துநாலாயிரம் கடன்பட்டிருந்தாள். ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான்.

என்னைப் பற்றி யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஒற்றை மண்வெட்டியோடு தொழிலுக்கு வந்து, இன்றைக்கு ஐந்து மண் தோண்டும் வண்டிகளுக்குச் சொந்தக்காரன். இந்தப் பக்கம் நிற்கிற பெரிய கட்டடம் எதைக் காட்டினாலும், அதன் அஸ்திவாரக் குழி என் வண்டி தோண்டியதாகத்தான் இருக்கும். பெருமையடிக்கிறேன் என்றால் ஆமாம், பெருமைதான். உழைத்தவனுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி? ஆனால் இங்கே எழுத வந்தது என் கதையை அல்ல, அவள் கதையை.

தகப்பன் இல்லாத பிள்ளை. என் தங்கை சலவைக் கடை வைத்துத்தான் அவளைக் கல்லூரி வரைக்கும் கொண்டுவந்தாள். வரலாறு படித்தாள். எத்தனையோ பேர் விண்ணப்பம் போட்டு, எட்டே எட்டுப் பேருக்குக் கிடைத்த உதவித்தொகை அவளுக்கும் கிடைத்தது. சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்து எல்லாம் அதில் அடக்கம். அன்றைக்கு என் ஷெட்டுக்கு ஓடி வந்து, பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டைக் கரண்டியை எடுத்துக் காட்டினாள். அதை வைத்துத்தான் தோண்ட வேண்டுமாம்.

என் மூத்த டிரைவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத வச்சு என்ன பண்ணப் போறே பாப்பா? காது குடையவா?"

"உங்க காதுக்கு இது பத்தாதுண்ணே. மாமாவோட வண்டிதான் வேணும்."

ஷெட்டே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே கரண்டி.

ஒருமுறை அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். மைதானம் முழுக்கக் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு குழி. கரண்டி தன் குழிக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசமா தோண்டி இவ்வளவுதானா? முழங்கால் ஆழம்கூட இல்ல. என் வண்டிய அனுப்பறேன், டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிச்சுத் தர்றேன்."

"முடிச்சுருவீங்க மாமா. அப்புறம் உள்ள என்ன இருந்துச்சுன்னு யாரு சொல்லுவா?"

குழியின் ஓரத்தில் செங்கல் நாலைந்து தலைகாட்டியிருந்தது. அது ஒரு வீட்டுச் சுவரா, சும்மா கொட்டின கல்லா என்று இன்னும் மூன்று வாரத்தில் தெரிந்துவிடும் என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். முதல் வண்டி வாங்கிய அன்று என் முகம் அப்படி இருந்திருக்கும்.

அந்த மூன்று வாரம் அவளுக்கு வாய்க்கவில்லை. மறுநாளே கடையில் என் தங்கையின் வலது கை நீராவி இஸ்திரி இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது. ஹோட்டல் விரிப்புகள் தினமும் காலையில் போயாக வேண்டும், ஒருநாள் தவறினால் வேறு கடைக்கு மாற்றிவிடுவார்கள். கரண்டி மண் ஒட்டிய கால்சட்டையோடு வந்து இயந்திரத்தின் முன்னால் நின்றாள். நின்றவள் நின்றவள்தான்.

இரண்டு மாதத்தில் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. பாதியில் விலகியதால் வாங்கிய தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். தவணையில் கட்டலாம்.

"இது ஒரு பணமா? நாளைக்கே கொண்டுபோய்க் கட்டிடறேன்" என்றேன்.

"வேணாம் மாமா. நான் வாங்குனது, நானே தீர்க்கறேன். தீர்த்துட்டு மறுபடி விண்ணப்பம் போடுவேன். என் குழிய நான்தான் முடிக்கணும்."

ரோஷக்காரி! நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. கடன் தீரும்வரை கடன் கொடுத்தவர் வாசலை மிதிக்க மாட்டோம். என் அப்பா மளிகைக்காரருக்குப் பாக்கி வைத்த காலத்தில் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனவர். நானும் முதல் வண்டிக்கு வாங்கிய கடனை அடைக்கிறவரை, பைனான்ஸ்காரர் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. மாதாமாதம் டிரைவர் கையில் கொடுத்தனுப்பிவிடுவேன். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பெண், கடன்காரியாக அங்கே போய் நிற்பாளா? வங்கியில் கட்டினாள். ஹோட்டலுக்குப் போகும் வழியில்தான் அறக்கட்டளையின் அகழாய்வு மைதானம். அவள் துணிவண்டியைக் கிடங்குத் தெரு வழியாகச் சுற்றி ஓட்டினாள்.

என்ன சுற்றினாலும் அந்த மண் அவளைத் தேடி வந்தது. ஒவ்வொரு பருவமும் புதுசாக வரும் மாணவர்கள் துணியை எங்கள் கடையில்தான் போட்டார்கள். அவர்கள் வந்தால் இவள் நீராவிக்குப் பின்னால் நகர்ந்துகொள்வாள். போனபிறகு ஒரு கால்சட்டையை எடுத்து முழங்காலில் ஒட்டியிருப்பதை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள்.

"சாம்பல் கலந்திருக்கு மாமா. யாரோ ஒரு அடுப்படிக்கு வந்துட்டாங்க."

"அழுக்குத் துணியில ஜோசியமா பாக்கறே?"

"தண்ணியில போட்டா போயிரும். அதான் இப்பவே பாத்துக்கறேன்" என்று சிரிப்பாள். சிரித்தபடியே தொட்டியில் போடுவாள்.

இரண்டாம் வருடம் மைதானத்து மேற்பார்வையாளர் எனக்குப் போன் செய்தார். குவித்து வைத்த மண்ணை அள்ள வண்டி வேண்டும், நல்ல கூலி. ஜாமீன் போட்டவன் நான் எப்படிப் போவது? முடியாது என்றேன். அவர் விடவில்லை.

"சரி, உங்க மருமகளையாவது ஒரு தடவை வந்து பாக்கச் சொல்லுங்க. அந்தக் கணக்கப் பத்தி நேர்ல பேசணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கணக்கா? ஒரு பைசா பாக்கியில்லாம வந்து சேரும். நேர்ல வந்து தலை குனிஞ்சு நிக்கற பரம்பரை இல்ல நாங்க" என்று வைத்துவிட்டேன்.

அவளிடமும் அப்படியே சொன்னேன். "சரியாச் சொன்னீங்க மாமா" என்றாள்.

தங்கையின் வைத்தியம், புது இயந்திரம் என்று செலவு ஒன்று மாற்றி ஒன்று வந்ததில் கடன் தீர ஐந்து வருடம் ஆனது. கடைசித் தவணையை வங்கியில் கட்டவில்லை. பணமாக எடுத்துக்கொண்டு, கஞ்சி போட்ட சட்டையில், கையில் புது விண்ணப்பத்தோடு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். தலை நிமிர்ந்து போகிற நாளில் நான் இல்லாமலா?

காகிதக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. சுவரோரம் பானை ஓட்டுச் சில்லுகள் நிரம்பிய அட்டைப் பெட்டிகள். மேசைக்குப் பின்னால் செயலாளர் அம்மா. கரண்டி தன்னைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"அட, நீதானா அது! பணம் மட்டும் வருது, ஆள் வரவே இல்லையே. வேற வேலைக்குப் போயிட்டேன்னு நெனச்சோம். ஏம்மா இத்தனையும் கட்டினே? அடுத்த பருவம் வந்து மீதி மூணு வாரம் தோண்டியிருந்தா கடனையே தள்ளியிருப்போமே. உனக்கு முன்னாடி ரெண்டு பேருக்கு அப்படித்தான் செஞ்சோம்."

"அது எங்க எழுதியிருக்கு?" என்று நான் அதட்டினேன்.

"எங்கயும் எழுதலைங்க. வந்து கேட்டா சொல்லுவோம். மேற்பார்வையாளர்கூட ஒரு தடவை சொல்லி அனுப்பினாரே?"

கரண்டி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை.

விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தாள். "அடுத்த பருவத்துக்கு, அம்மா."

செயலாளர் அதைத் தொடவில்லை. "அடுத்த பருவம் இல்லம்மா. இந்த வருஷத்தோட முடிஞ்சுது. போன மாசம் எல்லாக் குழியையும் மூடிட்டாங்க."

கீழே காகிதக் கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது.

"என் குழிய யாரு முடிச்சாங்க?"

"அடுத்த வருஷம் வந்த ஒரு பையன். சுவர்தான் அது. வாசப்படியோட கிடைச்சுது."

அவள் பணத்தை எடுத்தாள்.

"இத வச்சுக்கம்மா. இந்தத் தவணைய நான் தள்ளிடறேன்" என்றார் அந்த அம்மா.

"வேணாம்மா. கைய நீட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். சலவைத் தண்ணீரில் வெளுத்துப்போன விரல்களால் கரண்டி ஒவ்வொரு தாளாக எடுத்து, சுருக்கம் நீவி, வாய்விட்டு எண்ணி, அந்த உள்ளங்கையில் வைத்தாள்.