பரணிக்குள் வளர்ந்த பாசி

ஆற்றுப்பாசியைப் பிடுங்கினால் கையில் ஒரு பச்சை வாடை ஏறும். சோறு தின்னும்போதும் போகாது. ஏரல் ஆற்றில், முழங்கால் தண்ணீரில், நாடாவைப் போல ஒடுங்கி நீண்ட இலையோடு ஒழுக்கில் சாய்ந்து நிற்கும் பாசி அது. நாங்கள் 'நீளப்பாசி' என்போம்.

என் தம்பி சுடலைக்குக் காய்ச்சலில் கால் விழுந்துபோனது. இனி ஆற்றுக்குப் போக முடியாது என்றானதும், சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். மிட்டாய்க்கடையில் வாய் உடைந்து கிடந்த ஜாடி, எங்கள் பேச்சில் 'கண்ணாடிப் பரணி', ஒன்றை அப்பா கேட்டு வாங்கி வந்தார். ஆற்றுமணலை அலசிப் போட்டு, பாசியின் வேரை மட்டும் புதைத்து, இலை கிளம்பும் வெள்ளைக் கழுத்து வெளியே தெரிய விட்டு, மிதந்துவிடாமல் கூழாங்கல் வைத்து, ஆற்றுத்தண்ணீரைப் பைய ஊற்றி, காலை வெயில் படும் சன்னலில் வைத்தோம். துண்டை விரித்துப் பிடித்த கெண்டைக்குஞ்சுகளை நான் உள்ளே விட்டேன். அவை பாசிக்குள் நுழைந்து வருவதைப் பார்த்துக்கொண்டே தம்பி அன்று சோறு தின்றான். பரணி பக்கத்தில் இருந்தால்தான் தின்பான் என்றாயிற்று.

சில நாளில் இலை பழுத்து அழுகியது. இடம் மாறிய பாசி பழைய இலையை விட்டுத்தான் புதுசு விடும்; அது எங்களுக்குத் தெரியாது. அப்பா நெல் விளைவிக்கிறவர். பழுத்த பயிருக்கு அவர் அறிந்த வைத்தியம் ஒன்றுதான். ஒரு பிடி சாணியெருவைப் பரணிக்குள் போட்டுவிட்டு வயலுக்குப் போனார். மத்தியானம் தண்ணீர் கலங்கி நாறியது. மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.

அப்பா வந்ததும், "பரணிக்குள்ள எதைப் போட்டிய?" என்று அம்மா கத்தினாள்.

"சாணியெருதான். பயிரு பழுத்தா வேற என்னட்டி செய்ய?" அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பிதான் சிரித்தான். "எனக்கும் ஒரு கூடை போடுங்கப்பா, எந்திச்சு ஓடிருதேன்."

அப்பா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

தண்ணீர் மாற்றி வேறு மீன் விட்டேன். அதற்குள் காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது. தம்பி பரணிப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அறுப்புக்கு முன்னால் போய்விட்டான். பாசி பிறகுதான் குருத்து விட்டு, மணலில் கொடி ஓட்டி, பரணி நிறைய வளர்ந்தது. அப்பா அதை அள்ளிக்கொண்டுபோய் ஆற்றில் விட்டு வந்தார்.

இப்போது அப்பா இல்லை. பரணியும் எப்போதோ உடைந்தது. துணி துவைக்க வருகிறவர்கள், காலைச் சுற்றுகிறது என்று அந்தப் பாசியைப் பிடுங்கிக் கரையில் எறிகிறார்கள். நானும் எறிந்திருக்கிறேன். மறுமுறை போகும்போது பார்த்தால், எரு போட ஆளில்லாமலே வளர்ந்து நிற்கிறது.