கோட்டையைப் பிடித்தவன் விற்பனைக்கில்லை

மேசைமேல் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்க்கிறார் இக்னேஷியஸ். சோற்றுத் தட்டு பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கு நேரே விரல் உயர ஈயச் சிப்பாய்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். "இப்டி கீழேர்ந்து பாத்தாத்தான் தெரியும்மே, எவன் நின்னுகினு கீறான், எவன் பயந்துகினு கீறான்னு" என்கிறார். மனைவி வியாகுலம்மாள் தட்டை எடுத்துப்போய் அடுப்போரம் வைத்துவிட்டு வருகிறாள்.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் கம்பெனி. துறைமுகப் பட்டறையில் வார்ப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு இதை ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. மேசைமேல் அட்டையால் மலையும் கோட்டையும் அமைத்து, தாயக்கட்டை உருட்டிப் போர் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பெரம்பூர் ரயில்வே காலனியில் சிலர், பெங்களூரில் ஓய்வு பெற்ற பட்டாளத்து அதிகாரிகள், மலைப்பள்ளிக்கூடத்துப் பணக்காரப் பிள்ளைகள். அவர்களுக்காக இக்னேஷியஸ் வார்ப்பார்; வியாகுலம்மாள் வர்ணம் பூசுவாள். துறைமுகத்தில் நிலக்கரி இறங்கும் நாளில் வர்ண வேலை கிடையாது. சிப்பாய்களின் ஈர வர்ணத்தின்மேல் கரித்தூள் உட்கார்ந்து, மராட்டியப் படை முழுக்க அம்மை போட்டதுபோல் ஆகிவிடும்.

கரித்தூளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமைகளைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்குத் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் லூர்து வருவார். விற்க வைத்திருக்கும் சிப்பாய்களை எடுத்து இரண்டு பேரும் போர் நடத்துவார்கள். செத்தவர்களைத் துடைத்துப் பெட்டியில் போட்டுவிடலாம், அதில் தகராறு இல்லை. பாலத்தைக் காப்பாற்றியவன், கொடியை விடாமல் பிடித்தவன், தனியாக நின்று நாலுபேரை மடக்கியவன் என்று எவனாவது பேர் வாங்கிவிட்டால் தீர்ந்தது. அவன் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடுவான். அப்புறம் எந்த விலைக்கும் கிடைக்கமாட்டான்.

"இவன் கோட்டைய புட்ச்சவன்மே. இவனப் போயி விக்க சொல்றியே, உனுக்கு மன்சாட்சி கீதா?"

"அவன் ஈயம். நான் பூசின பெயிண்டு. அவனுக்கு இன்னாத்துக்கு மன்சாட்சி?"

அந்த வருஷம், எழுபதாம் வருஷத்து மார்ச்சு, கணக்கு முடிக்கும் நேரம் வந்தது. விற்பனை நன்றாகத்தான் ஏறியிருந்தது. போன வருஷம் பதினோராயிரம், இந்த வருஷம் பதினாலாயிரத்தைத் தொட்டுவிட்டது. ஆனால் ஈயம் விலை ஏறிவிட்டது, பார்சல் கூலி ஏறிவிட்டது, அலமாரியும் நிறைந்துவிட்டது. எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் மூன்றாம் வருஷமும் நஷ்டத்தில்தான் வந்து நின்றது.

நஷ்டம் என்றால் அவள் அண்ணன் சவரிநாதன் விலகிவிடுவார். ரயில்வே லோகோ பட்டறையில் ஓய்வு பெற்று வந்த பணத்தைத் தங்கைக்காகப் போட்டவர் அவர். போன வருஷமே சொல்லிவிட்டார்: "மாப்ள, ரெண்டு வருசம் பாத்துட்டேன். இன்னொரு வாட்டி நஷ்டம்னா என் துட்ட எண்ணி வச்சுடு. நான் பொண்ணக் கட்டிக் குடுக்கணும்." அவர் விலகினால் கொட்டகைக்கு வாடகை கொடுக்கக்கூட வழியில்லை. இக்னேஷியஸ் அதற்குத் தலையாட்டிக்கொண்டே ஒரு குதிரையின் வாலை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசியில் மண்ணடியிலிருந்து காத்தூன் பீவி ஆள் அனுப்பினார். விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் அம்மாள். ஊட்டிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இருநூறு சிப்பாய் வேண்டும், மார்ச்சு முடிவதற்குள் வேண்டும் என்றார். வியாகுலம்மாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இந்த ஒரு சரக்கு போனால் நஷ்டம் லாபமாகத் திரும்பிவிடும்! ராவும் பகலும் பூசினாள். பாதி வேலையில் துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல் வந்து சேர்ந்தது. நூற்று அறுபதோடு தூரிகையைக் கழுவி வைக்க வேண்டியதாயிற்று.

பாக்கி நாற்பதும் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் ஒளித்து ஒன்றும் செய்யவில்லை. அவர் கண் முன்னாலேயே அலமாரியைத் திறந்து, ஒவ்வொன்றாக வைக்கோலில் சுற்ற ஆரம்பித்தாள். இக்னேஷியஸ் எழுந்து வந்து பெட்டியருகில் குந்தினார்.

"வியாகுலம், இவன மட்டும் வுட்டுடு. ஒண்டி ஆளா பாலத்த காப்பாத்துனான்."

"அண்ணன் வந்து நம்மள காப்பாத்தாம போயிடும், பரவால்லியா?"

"சரி, அவன் போவட்டும். இவன்? இவன் காலு ஒட்ஞ்சும் நின்னான்மே."

"கால நான்தான ஒட்டினேன்! இன்னாங்க நீங்க, நாப்பது வயசு ஆவுது, பொம்மைய வச்சிகினு கண்ணு கலங்குறீங்க? பேஜாரா கீது!"

அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் இரட்டிப்பானது. ஆனாலும் அவள் கை நிற்கவில்லை. நாற்பதும் உள்ளே போயின. ஆணி அடிக்கும்போது அவர் வெளியே போய் வீதியில் நின்றுகொண்டார்.

ஏப்ரலில் சவரிநாதன் வந்து உட்கார்ந்தார். செலவெல்லாம் போக முப்பத்துச் சொச்சம் ரூபாய் லாபம். அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார், காப்பி குடித்தார், "இருக்கட்டும், இன்னொரு வருசம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வியாகுலம்மாளுக்கு மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் மூச்சு சீராக வந்தது. கம்பெனி முதலாளி இக்னேஷியஸைத்தான் காணவில்லை. கடற்கரைப் பக்கம் போயிருப்பார் என்று நினைத்தாள்.

காத்தூன் பீவி கடையில் பாக்கித் தொகை வாங்க வேண்டியிருந்தது. சாயங்காலமாக மண்ணடிக்குப் போனாள். படியேறினால் கல்லாவுக்கு முன்னால் அவளுக்குப் பழகிய முதுகு. துவைத்த சட்டை, படிய வாரிய தலை. பலகைமேல் அலமாரிச் சிப்பாய்கள் ஐந்து பேர் வரிசையாக நின்றார்கள்.

"வாங்கம்மா" என்றார் காத்தூன் பீவி சந்தோஷமாக. "ஊட்டிக்காரங்க அஞ்சு கொறச்சுதான் எடுத்துக்கிட்டாங்க, பாக்கி அஞ்ச வெளியில வச்சேன். இந்த ஐயா பாத்ததுமே அஞ்சும் வேணும்னுட்டாரு. வெலகூடப் பேசல. ஒண்ணு மூணு ரூபா. நல்லாப் போவுதும்மா உங்க சரக்கு, அடுத்த மாசம் இன்னும் அம்பது போடுங்க."

ஒன்றரை ரூபாய்க்கு அவள் போட்டது.

"நாம வித்தத நாமளே டபுள் வெல குடுத்து வாங்குறதா?" என்றாள் வியாகுலம்மாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா இவரு?"

"எங்க கம்பெனி மொதலாளி."

இக்னேஷியஸ் திரும்பவில்லை. சட்டைப் பையைக் கவிழ்த்து, நோட்டும் சில்லறையுமாகப் பலகையில் பரப்பி எண்ணினார். திரும்பவும் ஒருமுறை எண்ணினார். எட்டணா குறைந்தது. சிப்பாய்களைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, உள்ளங்கையை மட்டும் பின்பக்கமாக அவளிடம் நீட்டினார்.

வியாகுலம்மாள் நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்த சுருக்குப்பையின் முடிச்சை அவிழ்த்தாள்.