வரப்பு வரை எட்டாத குரல்

சென்னையில் போனில் பேசித்தான் சம்பளம் வாங்கினேன். அந்த வேலையில் குரல் கொஞ்சம் உயர்ந்தால் மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பார். வீடும் அப்படித்தான், ஃப்ளாட்டில் மிக்ஸி போட்டாலே பக்கத்து வீட்டுக்காரம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் கோபத்தைக்கூட மெதுவாகக் காட்டத்தான் எனக்குத் தெரியும். கோபமே வராது என்று அர்த்தமில்லை. நிறைய வரும்.

மாமனார் சொந்த ஊரான அடி அண்ணாமலையில் எங்கள் நிலத்திலேயே மாரடைப்பு வந்து இறந்தார். அத்தை தனியாகிவிட்டார். சென்னைக்கு வரவே மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நாங்கள்தான் மூட்டை கட்டினோம். கணவர் பக்கத்தில் வேங்கிக்காலில் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு காலையிலேயே பைக்கில் போய்விடுவார். நிலத்துக்கு நானும் அத்தையும். வேலையை விட்டுவிட்டு நான் வந்தது அதற்காகத்தான், டிவி பார்க்க அல்ல.

நிலத்தில் முதல் வேலையே கத்துவதுதான் என்று யாரும் சொல்லித் தொலைக்கவில்லை. மோட்டார் கொட்டகை ஒரு கோடி, மடை இன்னொரு கோடி. ஸ்விட்ச் பக்கம் நிற்பவர் "போடவா?" என்று கேட்க வேண்டும். மடையை வெட்டித் திறந்துவிட்டு அத்தை "போடு" என்பார். என் "போடவா" கொட்டகை வாசலைத் தாண்டவில்லை. வாய்க்குள்ளேயே பேசினால் யாருக்குக் கேட்கும் என்று அத்தையிடம் தினமும் பாட்டு. கையை ஆட்டிப் பார்த்தேன். குனிந்து மண் தள்ளுகிறவருக்கு எப்படித் தெரியும்? போனை வைத்துக்கொள்ளச் சொன்னேன். இடுப்பில் செருகினார். மறுநாளே அது சேற்றில் விழுந்து உயிரை விட்டது.

பிறகு ஒரு பௌர்ணமி. கிரிவலப் பாதை மைக் சத்தம் நிலம் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. வழக்கம்போல் கேட்டேன். அத்தை தலையை நிமிர்த்திய மாதிரி இருந்தது. போட்டுவிட்டேன். மடையோ இன்னும் திறந்திருக்கவில்லை. தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்து நிலத்தில் பிடுங்குவதற்கு இருந்த வேர்க்கடலையில், இங்கே மல்லாட்டை என்பார்கள், அதில் போய்த் தேங்கி நின்றது. அந்த நிலத்துக்காரர் எங்கள் வாசலில் நின்று கத்தியது தெருவுக்கே கேட்டது. அத்தை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அந்த ஆள் போனதும் அத்தை என்னிடம் கோபம்கூட இல்லாமல் சொன்னார்.

"நீ வீட்லயே இரும்மா. நெலத்துல ஒருத்தர் சத்தம் இன்னொருத்தருக்குக் கேக்கணும். உன்ன வச்சிக்கினு எனக்கு பயமா இருக்குது."

கத்தத் தெரியவில்லை என்று ஒரு மனுஷியை வீட்டில் உட்கார வைப்பார்களா? ஆத்திரமாக வந்தது. இதற்குச் சென்னைக்கே திரும்பிவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன். அதையும் மெதுவாகத்தான் சொன்னேன், அத்தைக்குக் கேட்டுவிடக் கூடாதே. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்றார். அத்தை கொட்டகைக்கும் மடைக்கும் ஒற்றை ஆளாக நடையாய் நடந்தார். நான் சோறாக்கினேன்.

அப்போதுதான் ஒருநாள் பேய்க்காற்றும் மழையும் அடித்தது. விடிந்ததும் நெல் சாய்ந்துவிட்டதா என்று பார்க்க அத்தை கிளம்பிவிட்டார். நான் டிபனை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கொட்டகை கிட்டப் போன பிறகுதான் கரண்ட் கம்பத்தைப் பார்த்தேன். கம்பி ஒன்று அறுந்து தொங்கியது. அதன் நுனி வரப்புப் புல்லுக்குள் போய்த் தண்ணீரில் கிடந்தது. அதே வரப்பில் அத்தை வயலைப் பார்த்தபடி, காலில் செருப்பில்லாமல் வந்துகொண்டிருந்தார்.

"நில்லு! அத்த, அங்கயே நில்லு!"

மரியாதையாவது மண்ணாவது. பக்கத்து நிலத்துக்காரர் மாட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அத்தையும் நின்றார். கணவருக்குப் போன் போட்டு, அவர் மின்வாரியத்துக்குச் சொல்லி, லைனை நிறுத்தும் வரை அசையாதீங்க, அசையாதீங்க என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

லைன்மேன் வந்து கம்பியைச் சுருட்டிய பிறகு அத்தை கொட்டகை நிழலில் வந்து உட்கார்ந்தார். நான் விடவில்லை. காற்றடித்த மறுநாள் கம்பத்தைப் பார்க்காமல் வெறுங்காலோடு யாராவது இறங்குவார்களா, உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்வேன் என்று தொண்டை கட்டும்வரை திட்டினேன். மாமியாரை இவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. நான் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, அவர் வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க மாமா விழுந்தப்ப நான் இங்கதாம்மா நின்னுக்கினு இருந்தேன். அந்தாண்ட அத்தன பேரு மல்லாட்ட புடுங்கிக்கினு இருந்தாங்க. ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடி வந்திருப்பாங்க. எனக்குத் தொண்டையே தெறக்கல."