பின் இடது, மூன்று சென்ரிமீற்றர்

ஸ்பிரிங் மாற்றிய கார் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை பின்னேரமே, அது நேராக நிற்கவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. குசினி யன்னலால் பார்த்தால் பின்பக்கத்து இடது மூலை மட்டும் உயர்ந்திருந்தது, "எனக்கென்ன தெரியும்" என்று ஒரு தோளைத் தூக்கிக் காட்டுகிற ஆளைப் போல. மாமியைக் கூப்பிட்டேன். அரிசி களைந்த ஈரக் கையோடு வந்து பார்த்தார்.

"நேராத்தானே பிள்ளை நிக்குது."

"இல்லை மாமி, இடப்பக்கம் எழும்பி நிக்குது."

"உனக்கு எல்லாம் சரிஞ்சுதான் தெரியுது," என்றுவிட்டு உள்ளே போனார்.

அந்த "எல்லாம்" என் மகளையும் சேர்த்துத்தான். அவளுக்கு ஐந்து மாதம். தலையை எந்த நேரமும் ஒரு பக்கமே சரித்து வைத்திருக்கிறாள் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு ஒருவருக்கும் அது தெரியவில்லை. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் நான் மூன்றாம் தரம் கேட்டபோதுதான், "உங்கட மனத் திருப்திக்கு எழுதித் தாறன்" என்று வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் தந்தார். வெள்ளிக்கிழமை கிளினிக்.

என் பேச்சுக்கு மதிப்புக் குறைந்ததில் நியாயம் இருந்தது. பிள்ளைக்கு விக்கல் நிற்கவில்லை என்று விடியற்காலையில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். பிறகு ஒரு நாள், கால் நீலம் பாரித்துவிட்டது என்று ஓடினேன். அங்கே தாதி பஞ்சை நனைத்து ஒரு தரம் துடைத்தார், நீலம் போய்விட்டது. புதுக் காலுறையின் சாயம்.

ஆகவே எனக்குள் ஒரு தீர்மானம் எடுத்தேன். காரில் என் கண் சரியென்றால் பிள்ளையிலும் சரி, வெள்ளிக்கிழமை போவது. காரில் பிழையென்றால் கடிதத்தை அலுமாரியில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. படித்தவள் எடுக்கிற முடிவா இது என்று என்னிடமே கேட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள், பிரசவ லீவில் நிற்கிறவள். அளக்கக்கூடியது கார்தான், பிள்ளை ஆடாமல் இருக்க மாட்டாள்.

தையல்பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு சில்லின் நடுவாலும் நிலத்திலிருந்து சில்லுக்கு மேலே வளைகிற மட்காட்டின் விளிம்பு வரை அளந்தேன். பின் வலது அறுபத்திரண்டு சென்ரிமீற்றர். பின் இடது அறுபத்தைந்து. பிள்ளை பால் குடித்த நேரங்களை எழுதுகிற கொப்பியில், மறுபக்கத்தில் எழுதி வைத்தேன்.

மெக்கானிக்குக்குப் போன் எடுத்தேன். எல்லாரும் அவரை பாஸ் என்பார்கள். மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். பேச்சில் அது இன்னும் இருக்கிறது. வலப்பக்க ஸ்பிரிங் வாய்க்கால் ரோட்டில் முறிந்தபோது, இரண்டையும் சோடியாக மாற்றினால்தான் நல்லது என்று சொன்னவரும் அவர்தான்.

"புது ஸ்பிரிங்கு டீச்சர். பாரம் விழ விழ அமுங்கிரும். நாலு நாள் ஓட்டுங்க."

நாலு நாள் ஓட்ட எங்களுக்குப் போக இடமில்லை. கணவருக்குத் திருகோணமலையில் வேலை, இரண்டு கிழமைக்கு ஒரு தரம்தான் வருவார். ஓடாவிட்டால் என்ன, பாரம்தானே வேண்டும் என்று மாமா சொன்னார். மாமா நெல் விதைக்கிறவர், நல்ல உடம்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு போய், பிள்ளையின் ஆசனத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காரின் பின் சீற்றில் இடப்பக்கமாக ஏறி இருந்தார். கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே தொங்கப்போட்டு, மரண அறிவித்தல் வரைக்கும் வாசித்தார். தேத்தண்ணியும் அங்கேயே போனது.

திங்களும் இருந்தார். செவ்வாய்க்கிழமை விசுவமடுவிலிருந்து மாமாவின் தங்கை பயற்றங்காய் கொண்டுவந்தார். விறாந்தையில் கதிரை இருக்க, மாமா அவரையும் காருக்குள் கூப்பிட்டார்.

"எங்க அண்ணை போறம்?"

"ஒரு இடமும் இல்லை. பேசாமல் இரு. மருமகள் அளக்கிறா."

அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பயணம் போகிற மாதிரியே ஒரு மணித்தியாலம் இருந்து, ஊர்க் கதை முழுவதும் சொன்னார். வழமையாக எங்கள் வீட்டில் அரை மணித்தியாலம்தான் நிற்பார். இறங்கிப் போன பிறகு அளந்தேன். அறுபத்தைந்து.

அன்றைக்குக் கணவர் போனில் சிரித்தார். "வவுனியாவுக்குப் போறதெண்டால் முதல் உமக்குக் கண் கிளினிக்குக்குப் போவம்."

"நாடாவுக்குக் கண் இல்லைத்தானே," என்றேன். சொன்ன பிறகுதான், நாடாவைப் பிடிக்கிறவளுக்குக் கண் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. திரும்பப் போய் அளந்தேன். இந்தத் தரம் அறுபத்து நாலரை. மணலில் ரயர் புதைந்திருக்கலாம். நாடா கோணியிருக்கலாம். நான் கோணியிருக்கலாம்.

புதன்கிழமை மாமா வேறு காரணம் சொன்னார். "பிள்ளை, வளவு சரிவு. சரிவில நிண்டால் பாரம் பள்ளப் பக்கம் போகும், மேட்டுப் பக்கம் எழும்பும். கார் என்ன செய்யும்?"

வயல் மட்டம் பார்க்கிறது போலவே பார்த்தார். வாளியில் தண்ணீர் அள்ளி வந்து காருக்கு அடியில் ஊற்றினார். தண்ணீர் கொஞ்சம் யோசித்துவிட்டு வலப்பக்கம் போனது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமியும் குசினி வாசலில் நின்று பார்த்தார். நான் கடிதம் வைக்க அலுமாரியில் இடம் யோசிக்கத் தொடங்கினேன்.

ஆனால் மாமா ஒரு வேலையைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை. "மட்டமான இடத்தில வைச்சுப் பாத்தால் உனக்கும் நிம்மதி," என்றார். எங்கள் பக்கத்தில் மட்டமான இடம் ஒன்றுதான்: நெல் காயவிடுகிற பொதுச் சீமெந்துத் தளம். அங்கே இரண்டு பெண்கள் நெல் பரப்பிவிட்டுக் குடை பிடித்துக்கொண்டு இருந்தார்கள். மாமா போய் விஷயத்தை விளங்கப்படுத்தினார். என்ன விளங்கியதோ, ஒரு கார் அளவுக்கு நெல்லை ஒதுக்கித் தந்தார்கள். பிள்ளையை அவர்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, முழங்காலில் இருந்து அளந்தேன்.

"டீச்சர், காருக்குச் சட்டை தைக்கப் போறியளோ?"

"கழுத்தளவையும் எடுங்கோ டீச்சர், பிறகு இறுக்கிப் போடும்," என்றார் மற்றவர்.

மாமா தளத்திலும் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினார். அது எங்கேயும் போகாமல் வட்டமாக நின்றது. பின் வலது அறுபத்திரண்டு. பின் இடது அறுபத்தைந்து. நாடாவை அவரிடம் கொடுத்தேன். அவரும் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஓம்," என்றார். "மூண்டு."

என் வாழ்க்கையில் ஒரு கார் பிழையாக இருப்பதற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அந்தச் சந்தோஷம் காரை வீட்டுக்குத் திருப்புவதற்குள் போய்விட்டது. கார் சரிவென்றால், பிள்ளையும் சரிவுதான்.

வியாழக்கிழமை காலை பிள்ளையோடு கராஜுக்குப் போனேன். பாஸ் கொப்பியை வாங்கி, அளவுகளை மரியாதையாக வாசித்தார். காரைத் தூக்கி வைத்திருக்கும்போதே போல்ட் ஆணிகளை இறுக்கினால், அவற்றைச் சுற்றியிருக்கிற ரப்பர் புஷ் முறுகிப்போய் காரை மேலே பிடித்துவைக்குமாம். நிலத்தில் நிற்க வைத்து ஆணிகளைத் தளர்த்தி, பின்பக்கத்தை நாலு தரம் அமுக்கி ஆட்டி, திரும்ப இறுக்கினார். அளந்தோம். அறுபத்து நாலரை.

அவர் குனிந்து இடது சில்லுக்கு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அப்ப அந்த ரப்பராத்தான் இருக்கும் டீச்சர்."

"எந்த ரப்பர்?"

"இடது பக்க ஸ்பிரிங்குக்கு அடியில வச்சேனே. நல்ல ரப்பரு, டிராக்டர் டயர்ல வெட்டினது."

"ஏன் வைச்சனீங்கள்?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க. புள்ள பின்னால இடது பக்கம் இருக்கும், அந்தப் பக்கத்த விசேசமா பார்த்துக்கங்கன்னு. ரெண்டு தடவ சொன்னீங்க. அப்புறம் வேல செய்யறப்ப போன் போட்டும் சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். வாகனங்கள் கடந்து போகாத பக்கம் என்று யோசித்துத்தான் பிள்ளையின் ஆசனத்தை இடப்பக்கம் பூட்டியிருந்தேன். அதையும் அவருக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தேன். ஒரு டீச்சர் மூன்று தரம் சொன்னதை எப்படிச் செய்யாமல் விடுவது என்று அந்த மனிதர் யோசித்திருக்கிறார். யோசித்து, பிள்ளைக்குக் குலுங்காமல் இருக்க ஒரு துண்டு ரயர் வெட்டி வைத்திருக்கிறார்.

"பிறகேன் போனில பாரம் விழ அமுங்கும் எண்டு சொன்னனீங்கள்?"

"ரப்பரும் அமுங்கும்னுதான் நெனச்சேன்."

ரப்பரைக் கழற்ற அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. இரண்டு பக்கமும் அறுபத்திரண்டு. அந்தத் துண்டை ஒரு பழைய பேப்பரில் சுற்றி என் கையில் தந்தார். எனக்குச் சேர வேண்டியது என்று நினைத்தாரோ தெரியாது.

வெள்ளிக்கிழமை ஏ-ஒன்பது வீதியில் நாற்பதுக்கு மேலே போகாமல் வவுனியாவுக்கு ஓடினேன். பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்தன. மாமி பின்னால் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தார். கிளினிக்கில் வைத்தியர், இளம் பெண், பிள்ளையின் கழுத்தை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு குறிப்புகள் இருந்தால் காட்டச் சொன்னார். கொப்பியைக் கொடுத்தேன். ஒரு பக்கத்தைக் கனநேரம் பார்த்தார்.

"பின் இடது அறுபத்தைந்து எண்டால் என்ன அம்மா?"

"அது கார், டொக்டர்."

"கார்."

"மற்றப் பக்கம் பிள்ளை."

அவர் எதுவும் கேட்காமல் பக்கத்தைப் பிரட்டினார். அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி.

சரிவு உண்மைதான். கழுத்துத் தசை ஒரு பக்கம் கொஞ்சம் இறுகியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, பயிற்சி காட்டித் தருகிறோம், நல்ல நேரத்தில் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றார். மாமி என் முகத்தைப் பார்க்காமல் என் முழங்கையைப் பிடித்தார்.

"பிள்ளையை எந்தப் பக்கம் படுக்க வைக்கிறனீங்கள்?" என்று வைத்தியர் கேட்டார்.

"சுவர்ப் பக்கம். நான் இந்தப் பக்கம் கிடப்பன்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். மூச்சு விடுறது எனக்குத் தெரியவேணும். அதால முகத்தை என்ர பக்கம் திருப்பி விடுவன்."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு அந்த ரப்பர் துண்டு ஞாபகம் வந்தது.

"இனி ஒரு நாள் தலைமாடு, ஒரு நாள் கால்மாடு எண்டு மாத்திப் படுக்க வையுங்கோ," என்றார் வைத்தியர். "மூச்சு அவ எந்தப் பக்கம் பாத்தாலும் விடுவா."

மறுநாள் மத்தியானம் பிள்ளையை மறுதலையாகக் கிடத்தினேன். இப்போது என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் மற்றப் பக்கம் திரும்ப வேண்டும். முதலில் வழமையான பக்கம் பார்த்தாள். அங்கே சுவர். முகம் சுளித்தாள். நான் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கனநேரத்துக்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, பெரிய வேலை செய்கிறவளைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

யன்னலால் பார்த்தேன். கார் நேராக நின்றது. பிள்ளையின் ஆசனத்தைத் திரும்பக் கழற்றி வைத்துவிட்டு, பின் சீற்றில் மாமா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இனி இருக்கத் தேவையில்லை," என்றேன். "இப்ப சரி."

"தெரியும் பிள்ளை," என்றார், பேப்பரை இறக்காமல். "இஞ்ச நல்ல காத்து."

அவர் இருந்தது இடப்பக்கம். நாளைக்கு வலப்பக்கம் இருக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன்.