அக்கினி சொல்லாத சாட்சி

அக்கினி பகவானுக்கு ஏழு நாக்கு என்பார்கள். ஏழில் ஒன்றுகூட எனக்காக அசையவில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். திருவொற்றியூரில் இரும்பு வார்க்கும் ஒரு பட்டறையில் என் வீட்டுக்காரருக்கு வேலை. உருகிய இரும்பைப் பெரிய அகப்பையில் ஏந்தி அச்சில் ஊற்ற வேண்டும். வேலை நிரந்தரமானால் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டார். நிரந்தரமானது. ஆடி மாதம் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார். பத்து நாள் விரதம். கவிச்சி கூடாது, தனிப் பாய், காலில் செருப்புப் படக் கூடாது.

பட்டறையில் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை அதை எடுக்கப் போனவரை நான்தான் தடுத்தேன்.

"காப்பு கட்டிகினு தோல் பூட்ஸ் போடுவாங்களா?"

"அங்க இரும்பு தெறிக்கும்மே."

"அம்மாவே நெருப்புல பொறந்தவ. அவ காப்பு கையில கீது. நெருப்பு உன்ன தொட்டுடுமா?"

பேசியது போதாதென்று பூட்ஸைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன்.

கோயிலில் மத்தியான வேளையில் பாரதம் சொன்னார்கள். அக்கினி காண்டவ வனத்தைத் தின்ற கதையை அந்த வாரம்தான் கேட்டேன். பசிக்கிறது என்று பிராமண வேஷத்தில் வந்து கேட்டானாம். தப்பி ஓடிய மிருகங்களைக்கூட விடாமல் தின்றானாம். கன்னத்தில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன். அவன் எப்படிப்பட்டவன் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும், புத்தி கெட்ட எனக்கு.

ஆறாம் நாள் அகப்பை சரிந்து அவர் வலது பாதத்தில் இரும்பு கொட்டியது. ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்துவிட்டார்கள். பூட்ஸ் போடாதது உன் குற்றம் என்று பட்டறையில் சீட்டைக் கிழித்தார்கள்.

தீ மிதிக்கும்போது கால் சுட்டால் விரதத்தில் குறை என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. இவருக்கோ குழியில் இறங்கும் முன்பே சுட்டுவிட்டது. அவர் விரதம் தவறாதவர் என்று தெருவுக்கே தெரியும். அப்படியானால் தவறியவள் நான். நாத்தனார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பித்தாள்.

"இன்னா அண்ணி, வீட்டுக்குத் தூரமா இருந்தப்போ சோறு ஆக்கிட்டியா? இல்ல, வேற எதுனா கீதா?"

அந்த 'வேற எதுனா' எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. குழாயடிக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஊர் எதையாவது சொல்லட்டும், அவர் ஒருவர் நம்பினால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கட்டுப் பிரித்த அன்று அவரும் கேட்டார். முகம் சுவர்ப் பக்கம் இருந்தது.

"நெசத்த சொல்லு. நீ சுத்தமாத்தானே இருந்தே?"

சீதை நெருப்பில் இறங்கியபோது அக்கினியே அவளை ஏந்தி வந்து, இவள் குற்றமற்றவள் என்றானாம். அதே அக்கினி சாட்சியாகத்தான் இவர் எனக்கும் தாலி கட்டினார். என் முறை வந்தபோது அவன் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "நான் ஒரே ஒரு தப்புதான் பண்ணேன். பூட்ஸத் தூக்கிப் பரண்ல போட்டேனே, அதான்" என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது இன்னா தப்பு? அது ஒண்ணுதான் நீ ஒழுங்கா பண்ணது."