தண்ணி பிடிக்காத மிஷின்

எரிச்சலில் நான் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என்னை விடவில்லை.

குளச்சலில் கடலோரம் எங்கள் வீடு. கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கம்பளியும் சென்ட்டும் கொண்டு வருவார்கள். அங்கே ஓட்டலில் பாத்திரம் கழுவும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர், வேலை போனதும் வீட்டுக்கென்று அப்படி ஒரு மிஷினையே கார்கோவில் அனுப்பிவிட்டு வந்து சேர்ந்தார்.

மீன் குழம்புப் பிசுக்கு போயிற்று. ஆனால் தட்டெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். தண்ணீர் பீய்ச்சும் துளைகளை ஊசியால் குத்தினார். தண்ணீரின் கடினத்தைப் போக்க அந்த மிஷினுக்கென்றே விற்கும் உப்பையும் வாங்கிப் போட்டார். திட்டு போகவில்லை. வேறு வேலை தேடாமல் நாள் முழுக்க அதன் முன்னாலேயே குத்தவைத்திருந்தார்.

"விடுங்க மச்சான். அதுக்கு நம்ம ஊரு தண்ணி பிடிக்கல," என்றேன்.

அவர் தட்டைத் துடைத்தபடியே, நிமிராமல் சொன்னார்: "எனக்கும் பிடிக்கல புள்ள."

வந்ததிலிருந்து அவர் வயிறாரச் சாப்பிடவில்லை, யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மிஷினை நிறுத்தி, மேலே ஒரு பழைய கைலியைப் போட்டு மூடிவிட்டேன். அவரை என்ன செய்வதென்றுதான் இன்றுவரை தெரியவில்லை.